பழைய மியாட்டாவில் நெடும்பயணம்: வழியில் தோன்றும் அறிகுறிகளும் செய்யவேண்டியவையும்

மடக்கும் துணிக்கூரை கொண்ட இரு இருக்கைக் காரான மாஸ்டா மியாட்டாவின் முதல் வடிவம் 1989 இல் வெளிவந்து 1997 வரை தயாரிக்கப்பட்டது. ஆகவே இன்று தெருவில் காணும் அத்தகைய கார் எதுவும் முப்பது வயதை அண்டியோ தாண்டியோ நிற்கிறது. எங்களிடம் இருப்பது 1992 ஆம் ஆண்டின் 1.6 லீற்றர் கார். ரொறொன்ரோவிலிருந்து தண்டர் பே வரையான ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் வழியை, சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் 17 ஆம் இலக்க நெடுஞ்சாலையில், பல கோடைகளில் அதில் போய் வந்திருக்கிறோம். ஒரே வகையான கோளாறுகளைத் தெருவோரத்தில் மீண்டும் மீண்டும் திருத்தியபோது எழுதி வைத்த குறிப்புகளே இவை.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் அரைமணி நேரத்தில் முடியும் வேலை அந்த நெடுஞ்சாலையில் ஓர் இரவை விழுங்கிவிடும். சூ சென் மரியிலிருந்து வாவா வரை இருநூற்றிருபது கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. வாவாவிலிருந்து வைற் றிவர் தொண்ணூறு கிலோமீற்றர் அளவு, அங்கிருந்து மரத்தன் மேலும் அதே அளவு. இடையில் தொலைபேசிக்கு அலை கிடைக்காத நீண்ட பகுதிகள் உண்டு. 1.6 லீற்றர் காரின் தாங்கி 45 லீற்றர்தான் கொள்ளும் என்பதால், முள் பாதிக்கு வந்தவுடன் அடுத்த நிலையத்தில் நிரப்பிவிடுங்கள்.

பொனற்றைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். கோளாறு எந்த நிலையில் வந்தது: நின்றபோதா, ஓடியபோதா, ஏற்றத்திலா, பிறேக் பிடித்தபோதா? அதனுடன் வேறு எந்த விளக்கு எரிந்தது, எந்த முள் நகர்ந்தது? கடைசியாகக் காரில் யார், எதைக் கழற்றிப் பூட்டினார்கள்? பாதிக் கோளாறுகளுக்கு இந்த மூன்றாவது கேள்வியே விடை தந்துவிடுகிறது.

கையோடு கொண்டு செல்லவேண்டியவை அதிகமில்லை: மல்ரிமீற்றர், ரோச் லைற், 10, 12, 14 மில்லிமீற்றர் ஸ்பானர்கள், இரு முனையும் சீவிய ஒரு சாண் வயர், ஒரு அல்ரனேற்றர் பெல்ற், ஒரு கிளச் சிலேவ் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தைக் கிளச்சுக்குக் கடத்தும் சிறு உருளை), பிறேக்குக்கும் கிளச்சுக்குமான டொட் 3 திரவம் ஒரு போத்தல், கலந்த கூலன்ற் இரண்டு லீற்றர், ஒயில் ஒரு லீற்றர், ஒரு மெயின் றிலே (எஞ்சினுக்கு மின் விடும் தானியங்கி ஆளி). இந்தக் காரின் டிக்கியில் பற்றரியும் மேலதிகச் சில்லும் ஏற்கெனவே இடத்தைப் பிடித்திருந்தாலும் இவை அனைத்தும் ஒரு சிறு பையில் அடங்கும்.

## அறிகுறி 1: வெப்பமானியின் முள் வழக்கமான இடத்தைத் தாண்டுகிறது

முள் எவ்வளவு ஏறியது என்று பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள். உங்கள் காரில் அது எப்போதும் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டினாலே செய்தி வந்துவிட்டது என்று பொருள். ஏசியை அணைத்து, உள்ளறைச் சூடாக்கியை உச்சத்தில் வைத்து, அதன் விசிறியையும் முழு வேகத்தில் ஓடவிட்டால் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி கார் அறைக்குள் இறங்கும். கூரையைத் திறந்து வைத்தால் கோடையிலும் இதைத் தாங்கலாம். எது நேர்ந்தாலும் சூடாக இருக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறக்கக்கூடாது. குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுத்திருந்து, மேல்குழாயைக் கையால் அழுத்திப் பார்த்து, அது மெதுவாகக் குழிந்தால் மாத்திரமே தடித்த துணியொன்றால் மூடியைப் பிடித்துத் திறக்கலாம்.

### நிற்கும்போதும் நெரிசலிலும் மட்டும் ஏறுகிறது. ஓடத் தொடங்கினால் இறங்குகிறது

இது மின்விசிறியின் கோளாறு. முதலில் எஞ்சின் அறைப் பெட்டியில் உள்ள விசிறியின் பியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், எஞ்சின் அறையின் சாரதிப் பக்கத்தில் மூடியோடு இருக்கும் சிறிய சோதனைப் பெட்டியைத் திறவுங்கள். மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு துளைக்கும் பெயர் எழுதியிருக்கும். சாவியை 'ஒன்' நிலையில் வைத்து, ரி.எஃப்.ஏ (TFA) என்ற துளையையும் ஜி.என்.டி (GND) என்ற துளையையும் வயரால் இணைத்தால் விசிறி சுழலவேண்டும்.

சுழன்றால் விசிறியும் றிலேயும் நலமே. கூலன்ற் ஓட்டத்தைத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற்றின் உறையில் இருக்கும் வெப்ப ஆளியோ அதன் வயரோதான் பழுது. அந்த இணைப்பு வயரை அப்படியே விட்டுவிட்டு, விசிறி ஓயாமல் ஓடும் நிலையில் நாங்கள் வைற் றிவரிலிருந்து தண்டர் பே வரை சென்றிருக்கிறோம். இணைத்தும் விசிறி சுழலாவிட்டால் றிலேயை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மோட்டார் போய்விட்டது. அந்த நிலையிலும் பயணம் முடிந்துவிடவில்லை. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு விசிறி தேவையில்லை என்பதால், நெரிசலையும் நிறுத்தங்களையும் தவிர்த்து அடுத்த நகரை அடையலாம்.

### ஓடும்போதே ஏறுகிறது, குறிப்பாக ஏற்றத்தில்

கூலன்ற் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. காலி நிலையில் உள்ள சேமிப்புக் குடுவை அதற்குச் சான்று. ஆனால் நிறைந்த குடுவை ரேடியேற்றரும் நிறைந்திருப்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் மூடியின் றப்பர் கெட்டிருந்தால் குடுவையில் இருப்பது திரும்பி உள்ளே இழுக்கப்படாது. புதிய மூடி மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். எதையும் கழற்றுவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள்.

அடுத்ததாகக் காரின் மூக்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். அங்கே ஒரு கருநிறப் பிளாஸ்ரிக் தட்டு இருக்கவேண்டும். ஒயில் மாற்றும் இடங்களில் அதைக் கழற்றிவிட்டு, துருப்பிடித்த போல்ற்கள் முறிந்ததால் திரும்பப் பூட்டாமல் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. சேறு தெறிக்காமல் இருப்பதற்கான தட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முன்புறத் திறப்பால் வரும் காற்று கீழே நழுவாமல் ரேடியேற்றருக்குள் புகுவதற்கு அதுவே வழி செய்கிறது. நகரத்துக்குள் ஒரு குறையும் காட்டாமல், மொன்றியல் றிவர் மேட்டில் ஏறும்போது மட்டும் முள் நகர்ந்த எங்கள் காருக்கு ரேடியேற்றரையும் தேர்மோஸ்ராற்றையும் மாற்றிப் பணத்தைச் செலவழித்த பிறகே, இல்லாமற்போன அந்தத் தட்டு கண்ணில் பட்டது. முதல் நாளே குனிந்து பார்த்திருக்கலாம்.

தட்டு இருந்தும் சூடேறினால் தேர்மோஸ்ராற், அதன் பிறகு ரேடியேற்றர் என்று வரிசையாகச் செல்லுங்கள். ரேடியேற்றரின் மேல்தொட்டி பிளாஸ்ரிக்கால் ஆனது. புதிதில் கருமையாக இருந்து, வயதாக ஆக மண்ணிறமாகவோ பாசி நிறமாகவோ வெளுத்துவரும். வெளுத்துவிட்டால் அது வெடிப்பதற்கு நாள் குறித்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். வெளுத்த தொட்டியோடு நெடும்பயணம் புறப்படுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

### வெப்பம் ஏறும்போதே பற்றரி விளக்கும் எரிகிறது

உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். இந்த எஞ்சினில் அல்ரனேற்றரைச் சுழற்றும் அதே பெல்ற்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் பெல்ற் அறுந்தது அல்லது வழுக்குகிறது என்பதில் ஐயமில்லை. அப்படியே ஓடுவது எஞ்சினை எரிப்பதற்குச் சமம். எஞ்சின் ஆறிய பின் அல்ரனேற்றரின் பிடிப்பைத் தளர்த்தி, புதிய பெல்ற்றைப் போட்டு, நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவு இசையும்படி இறுக்குங்கள். ஏறத்தாழ இருபது நிமிட வேலை.

### எந்தக் கட்டத்தில் இழுவை வண்டி

ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் இயக்கும்போது ரேடியேற்றர் வாயில் இடைவிடாது குமிழ்கள் வந்தால், ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்கலந்த தேநீர் நிறத்தில் களி படிந்திருந்தால், அல்லது எஞ்சின் சூடான பிறகும் புகைபோக்கியால் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வந்தால், எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் காஸ்கற் போயிருக்கிறது. இனி ஒரு கிலோமீற்றரும் ஓட்டவேண்டாம். எஞ்சினின் பின்புறம் உள்ள சூடாக்கிக் குழாய்கள் பிளந்திருந்தாலும் தெருவோரத்தில் அவற்றைத் திருத்துவது கடினம். மேலே இருக்கும் காம் கோண உணரியின் (வால்வுகளைத் திறக்கும் காம் தண்டின் நிலையை அறியும் கருவி) றப்பர் வளையம் காய்ந்து ஒயில் சொட்டி, அக்குழாய்களை ஊறவைத்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். அந்த வளையம் சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடியது; புறப்படுவதற்கு முன்னரே மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி 2: ஸ்ராட்டர் சுழல்கிறது, எஞ்சின் பற்றவில்லை; அல்லது ஓடும்போதே அணைந்துவிட்டது

முதலில் ஸ்ராட்டர் சுழலும் ஒலியைக் கூர்ந்து கேளுங்கள். வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல், தையல் இயந்திரம் போல ஒரே சீராகவும் வேகமாகவும் சுழன்றால் காம் தண்டைச் சுழற்றும் ரைமிங் பெல்ற் அறுந்திருக்கக்கூடும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே ரோச் லைற் அடித்துக்கொண்டு, மற்றவரை ஸ்ராட்டரை இயக்கச் சொல்லுங்கள். காம் தண்டு அசையாமல் நின்றால் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்ரனில் மோதுவதில்லை என்பதால் சேதம் இராது. ஆனால் தெருவோரத்தில் செய்யும் வேலையும் அன்று. அந்த பெல்ற்றின் ஆயுள் ஏறத்தாழ 96,000 கிலோமீற்றர். எப்போது மாற்றினார்கள் என்று காரை விற்றவருக்கே தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

### சுழலும்போது எஞ்சின் வேகமானியின் முள் துடிக்கிறதா?

ஸ்ராட்டர் சுழலும்போது அந்த முள் சிறிதளவேனும் துடித்தால் காம் கோண உணரியும் பொறியை எழுப்பும் பகுதியும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். தேடலைப் பெற்றோல் பக்கம் திருப்புங்கள். துடிக்காவிட்டால் மெயின் றிலேயைத் தொட்டுப் பாருங்கள். சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பும்போது அது விரலடியில் 'டிக்' என்று அசையவேண்டும். அசையாவிட்டால் கையிலுள்ள மாற்று றிலேயைச் செருகுங்கள். றிலே நலமானால் எஞ்சினின் பின்முனையில் உள்ள உணரியின் செருகியைக் கழற்றி, அதன் ஊசிகளில் பச்சை படிந்திருக்கிறதா, ஒயில் ஊறியிருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். அதற்கும் முள் அசையாவிட்டால் உணரியோ பொறியை எழுப்பும் இக்னைற்றரோ கெட்டிருக்கும். இழுவை வண்டியை அழையுங்கள்.

### பெற்றோல் வருகிறதா?

மீண்டும் அதே சோதனைப் பெட்டிக்குச் செல்லுங்கள். சாவி 'ஒன்' நிலையில் இருக்க, எஃப்/பி (F/P) என்ற துளையையும் ஜி.என்.டியையும் வயரால் இணையுங்கள். காரின் பின்பக்கத்திலிருந்து பம்ப் ரீங்கரிக்கும் ஒலி வரவேண்டும். பெரிய வண்டிகள் கடந்து செல்லும் தெருவில் அது காதில் விழாது என்பதால், தாங்கியின் வாய்மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்பதே நம்பகமானது.

வயர் இணைத்ததும் பம்ப் ஓடி எஞ்சினும் பற்றினால், பம்ப் நன்றாக இருக்கிறது, அதற்கு மின் கொடுக்கும் வழியில்தான் குறை. 1.6 லீற்றர் காரில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றளவியின் உள்ளே ஒரு மடல் இருக்கிறது. எஞ்சின் காற்றை இழுத்து மடல் திறந்தால்தான் பம்புக்கு மின் போகும். எனவே காற்றளவிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள மடிப்புக் குழாய் பிளந்தோ கழன்றோ இருந்தால், காற்று வேறு வழியாகப் புகுந்து, மடல் அசையாமல், பம்ப் நின்றுவிடும். அக்குழாயின் மடிப்புகளை விரித்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். மேலிருந்து பார்க்க நலமாகத் தோன்றும் குழாய் அடியில் வாய் பிளந்து நிற்பதுண்டு. ஒட்டு நாடாவை இறுகச் சுற்றினால் அடுத்த நகர் வரை தாங்கும். 1994 முதல் வந்த 1.8 லீற்றர் கார்களில் இந்த மடல் இல்லை.

குழாய் நலமாக இருந்தும் பம்ப் தானாக ஓடாவிட்டால், இணைப்பு வயரை விட்டுவிட்டு ஓட்டுவது சாத்தியமே. ஆனால் அந்நிலையில் விபத்து நேர்ந்து எஞ்சின் நின்றாலும், சாவி திருப்பியிருக்கும்வரை பம்ப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பாதுகாப்பான இடம்வரை ஊர்ந்து செல்வதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள். வயர் இணைத்தும் பம்ப் மௌனமாக இருந்தால், பியூஸைப் பார்த்துவிட்டு, இழுவை வண்டியை அழையுங்கள்.

## அறிகுறி 3: சாவியைத் திருப்பினால் ஒரு 'டக்' மட்டும், அல்லது ஒன்றுமேயில்லை

பற்றரி டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் மல்ரிமீற்றரை வையுங்கள். 12.6 வோல்ற் அளவு காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12 க்குக் கீழே போனால் அதற்கு வெளியிலிருந்து மின் வேண்டும். பிறகு முனைகளின் இறுக்கத்தைக் கையால் திருகிப் பாருங்கள். சுழன்றுவிடும் முனையே பல தடவை முழுக் கோளாறாகவும் இருந்திருக்கிறது.

பற்றரி நிறைந்திருந்து 'டக்' ஒலி மட்டும் கேட்டால் ஸ்ராட்டரின் உள்ளே செப்புத் தொடுகைகள் தேய்ந்திருக்கும். பத்துத் தடவை சாவியைத் திருப்பினால் பதினோராம் தடவை பிடிக்கும். அவ்வாறு பிடித்துவிட்டால் அன்றைய தங்குமிடம் வரை அணைக்காதீர்கள். பெற்றோல் நிரப்பும்போது மட்டும் அணைத்தே ஆகவேண்டும், அப்போது காரைச் சரிவை நோக்கி நிறுத்துங்கள். கார் ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவான எடையுடையது என்பதால் ஒருவர் தள்ள மற்றவர் இரண்டாம் கியரில் கிளச்சை விடுவது கடினமில்லை.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ற் வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் பெல்ற், அல்ரனேற்றரின் செருகி, கடைசியாக அல்ரனேற்றர் என்ற வரிசையில் பாருங்கள். பகலில், விளக்கும் விசிறியும் இன்றி, நல்ல பற்றரி ஒன்று மணிக்கணக்கில் தாங்கும், இரவில் நம்பவேண்டாம். புதுப் பற்றரி வாங்க நேர்ந்தால் ஆவி வெளியேறும் குழாய் பொருத்தக்கூடிய வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பற்றரியின் ஆவி டிக்கிக்குள் தேங்குவது ஆபத்தானது.

## அறிகுறி 4: ஏற்றத்தில் இழுக்கவில்லை, இடைக்கிடை தடுமாறுகிறது

குலுக்கலோடு தடுமாறினால், குறிப்பாக மழையிலும் ஈரக்காற்றிலும் மோசமானால், பிளக் வயர்களே முதற் சந்தேகம். இந்தக் காரில் அவை மற்ற எதற்கும் முன்பாகக் கெடுகின்றன. இருட்டில் பொனற்றைத் திறந்து, எஞ்சினை இயக்கி, வயர்களின்மேல் தண்ணீரை மென்மையாகத் தெளித்தால், மின் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். வயரின் றப்பர்த் தொப்பியைக் கழற்றும்போது அது ஒயிலில் நனைந்து வந்தால் வால்வு மூடியின் காஸ்கற் கசிகிறது; துடைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம், வீடு திரும்பி மாற்றலாம். பிளக்குகளின் இடைவெளி 1 முதல் 1.1 மில்லிமீற்றர்.

குலுக்கல் இல்லாமல், மேட்டில் அழுத்த அழுத்தச் சோர்ந்துபோனால் பெற்றோல் வடிகட்டி அடைத்திருக்கக்கூடும். காரின் அடியில், பின்சில்லுக்கு முன்னால் இருப்பதால் பலர் அதைக் காரின் ஆயுளில் ஒரு தடவைகூட மாற்றுவதில்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் நகரை அடையலாம்.

1991 நடுப்பகுதிக்கு முந்திய 1.6 லீற்றர் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். திடீரென வலு குறைந்து, எஞ்சினின் முன்னால் உள்ள கிராங்க் புல்லி தள்ளாடிச் சுழல்வதைக் கண்டால், பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் மூக்கில், புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவித்தடம் தேய்ந்திருக்கிறது. அந்த ஆண்டுகளின் கிராங்க் குறுகிய மூக்குடையது என்பதால் அறியப்பட்ட குறை இது. மேலே ஓட்டாமல் நிறுத்துங்கள். இதில் உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

## அறிகுறி 5: கிளச் மிதி தரையோடு கிடக்கிறது, றிவேர்ஸ் கியர் கரகரக்கிறது

எங்கள் காரில் இது மூன்று தடவை நேர்ந்திருக்கிறது. கடைசித் தடவை அகாவா விரிகுடாவுக்குச் சற்று முன்பு. காலையில் றிவேர்ஸ் போடும்போது மெல்லக் கரகரத்தது. நண்பகலில் முதலாம் கியருக்குள் போக மறுத்தது. மாலையில் மிதி போன இடத்திலேயே கிடந்தது. அந்தக் காலைநேரக் கரகரப்பை அப்போதே கவனித்திருந்தால் சூ சென் மரியில் ஒரு கூரையின் கீழ் முடித்திருக்கக்கூடிய வேலையை, நுளம்புகளுக்கு நடுவே ரோச் லைற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யவேண்டி வந்தது.

முதலில் கிளச் திரவக் குடுவையைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பி, மிதியை இருபது முப்பது தடவை அழுத்திப் பாருங்கள். அழுத்தம் திரும்பினால் கசிவு மெதுவானது என்று பொருள், அடுத்த நகர் வரை நிரப்பி நிரப்பிச் செல்லலாம். கசியும் இடத்தை அறிய, கியர்ப்பெட்டியின் வலதுபக்கத்தில் உள்ள சிலேவ் சிலிண்டரின் றப்பர் உறையை விரலால் சிறிது விலக்குங்கள். உள்ளே திரவம் தேங்கி வழிந்தால் குற்றவாளி அதுவே. அது உலர்ந்திருந்து, சாரதியின் மிதிக்கு மேலே சுவரில் ஈரம் தெரிந்தால், மிதி நேரே தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர்தான் கசிகிறது.

சிலேவ் சிலிண்டர் விலை குறைந்த பொருள்; இரண்டு போல்ற்களும் ஒரு குழாய் இணைப்பும்தான். ஆனால் ஒன்ராறியோவின் உப்பில் முப்பது குளிர்காலம் கண்ட குழாய் நட், அவசரப்பட்டால் குழாயையே முறுக்கி உடைத்துவிடும். துருநீக்கி தெளித்துக் கால்மணி நேரம் பொறுத்து, வாய் விரிந்த சாதாரண ஸ்பானரைத் தவிர்த்து, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் குழாய் ஸ்பானரால் திருகுங்கள். பூட்டிய பிறகு காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும்: ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து மூடி, பிறகே மிதியை விடச் சொல்லவேண்டும். குடுவை வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் கையில் இல்லாமல் ஆபத்தான வளைவில் நிற்க நேர்ந்தால், எஞ்சினை அணைத்து முதலாம் கியரில் போட்டு, மிதியை அழுத்தியபடி ஸ்ராட்டரை இயக்கினால் கார் துள்ளி நகர்ந்து ஓடத் தொடங்கும். தெருவை விட்டு விலகுவதற்கு மட்டுமே இந்த வழி. திரவம் நிறைந்து, கசிவு எங்கும் இல்லாமல், மிதியும் இறுக்கமாக இருந்து, ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் உறுமி வேகம் கூடாவிட்டால் கிளச் தட்டே தேய்ந்துவிட்டது. கியர்ப்பெட்டியை இறக்கவேண்டிய அந்த வேலை கராஜுக்கு உரியது.

## அறிகுறி 6: நூறு கிலோமீற்றர் வேகத்தை அண்டும்போது நடுங்குகிறது

இந்தக் காரின் எடை குறைந்த உடல் சில்லுகளின் சமநிலைக் குறையை ஒளிவு மறைவின்றிக் காட்டிவிடும். நடுக்கம் ஸ்ரியறிங்கில் தெரிந்தால் முன்சில்லு, இருக்கையில் தெரிந்தால் பின்சில்லு என்று தொடங்குங்கள். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நின்ற காரின் ரயர்கள் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அது முதல் இருபது முப்பது கிலோமீற்றரில் சூடேறி மறைந்துவிடும். மறையாவிட்டால் சில்லின் உட்புறத்தில் காய்ந்த சேற்றைச் சுரண்டி எடுங்கள், எடைத்துண்டு விழுந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள், சில்லு நட்களை ஏறத்தாழ 100 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்குங்கள்.

ரயரின் பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். தேயாத பூ இருந்தாலும் பத்து ஆண்டைக் கடந்த ரயரை நான் நெடுஞ்சாலையில் நம்பமாட்டேன். டிக்கியில் உள்ள சிறிய மேலதிகச் சில்லின் இலக்கத்தையும் படியுங்கள்; பலரிடம் அது காரின் வயதையே கொண்டிருக்கும். ரயரில் எங்கேனும் புடைப்பு தெரிந்தால் அந்த இடத்திலேயே மாற்றுங்கள். பிறேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் முன் டிஸ்க்குகள், அது காத்திருக்கக்கூடியது.

## அறிகுறி 7: ஒரு சில்லிலிருந்து எரிமணம் வருகிறது

பின்சில்லுகளில் ஒன்றாக இருந்தால், கைபிறேக்கை இயக்கும் பகுதியோ பிறேக் கட்டைகளைப் பிடிக்கும் கலிப்பரின் வழுக்கு ஊசியோ துருவில் இறுகி பிறேக்கை விடாமல் பிடித்திருக்கிறது. சில்லைத் தொடாமல் புறங்கையை அருகே கொண்டுசென்று நான்கையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால் போதுமான சான்று. கைபிறேக்கை முழுதாக விடுவித்து, கேபிள் கலிப்பரைத் தொடும் இடத்தில் உள்ள நெம்பு தன் நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் திரும்புவதுண்டு. அதன்பின் இரவுகளில் கைபிறேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள்.

பிறேக் மிதி மெதுவாகத் தாழ்ந்தாலோ பின்புற இரும்புக் குழாய்களில் ஈரம் தெரிந்தாலோ, வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. உப்பில் அரித்துப்போன அந்தக் குழாய் அடுத்த அழுத்தத்தில் வெடிக்கலாம். இழுவை வண்டியை அழையுங்கள்.

## அறிகுறி 8: எஞ்சினின் மேற்பகுதியில் 'டிக் டிக்' என்ற ஒலி

ஒயில் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருந்தால் நிரப்புங்கள். இந்த எஞ்சினில் வால்வுகளை அழுத்தும் ஹைட்ரோலிக் லிஃப்ரர்கள் குளிரில் பற்றவைத்த முதல் சில நிமிடங்களுக்கு ஒலி எழுப்புவது இயல்பு, சூடானதும் அடங்கினால் கவலை வேண்டாம். 1994 வரையான கார்களில் ஒயில் அழுத்தமானி உண்மையான அழுத்தத்தைக் காட்டும். 1995 முதல் வந்தவற்றில் அது அழுத்தம் உண்டா இல்லையா என்பதை மட்டுமே காட்டும், முள் நடுவில் நிற்பதைக் கண்டு ஆறுதல் கொள்ளவேண்டாம். ஒலி அடியிலிருந்து, கதவைத் தட்டுவது போலக் கனமாக வந்தால் எஞ்சினை அணையுங்கள், மீண்டும் இயக்கவேண்டாம்.

## அறிகுறி 9: ஒரு ஹெட்லைற் எழவில்லை

அந்தி மயங்கிய பின் மூஸ் மான்கள் தெருவுக்கு வரும் பகுதி இது; ஒற்றை விளக்கோடு ஓட்டக்கூடாது. விளக்கை எழுப்பும் மோட்டாரின் பியூஸைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் தலையில் றப்பர்த் தொப்பியின் கீழே இருக்கும் குமிழைக் கையால் திருகுங்கள்; விளக்கு படிப்படியாக எழுந்து நிற்கும். எழுந்த நிலையிலேயே பயணம் முழுவதும் விட்டுவிடலாம்.

## அறிகுறி 10: இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஈரமாகிறது

துணிக்கூரை கிழிந்துவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், இருக்கைப் பட்டியின் கோபுரத்துக்கு அருகே இருபுறமும் உள்ள வடிகால் துளைகளைப் பாருங்கள். ஊசியிலைகளும் தூசியும் அடைத்து, நீர் வழியின்றி உள்ளே திரும்பும். புல்வெட்டியின் நைலோன் நூலைத் துளைக்குள் மெல்லச் செலுத்தி, கால் போத்தல் தண்ணீர் ஊற்றினால் அது பின்சில்லுக்கு முன்னால் தரையில் வடியவேண்டும். கம்பியால் குத்தினால் உள்ளிருக்கும் குழாய் கிழிந்து, நீர் கதவுகளின் கீழே ஓடும் ஓரப்பெட்டிக்குள் இறங்கித் துருவை வளர்க்கும். குளிர்ந்த காலையில் கூரையைத் திறக்கும்போது பின்கண்ணாடியின் சிப்பை முதலில் அவிழ்த்துப் படுக்கவையுங்கள். குளிரில் விறைத்த பிளாஸ்ரிக் மடிந்தால் வெடிக்கும்.

## இழுவை வண்டி வரும்போது

புறப்படுவதற்கு முன்பே உங்கள் தெருவுதவிச் சந்தா எத்தனை கிலோமீற்றர் வரை இலவசமாக இழுத்துச் செல்லும் என்று படித்து வையுங்கள். 17 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் சிறிய எல்லையுள்ள சந்தா அரை வழியில் தீர்ந்துவிடும். அழைக்கும்போது பின்சில்லால் ஓடும் தாழ்வான கார் என்பதைச் சொல்லி, சமதளப் படுக்கை உடைய வண்டியே வேண்டும் என்று கேளுங்கள். கடந்துவந்த கிலோமீற்றர்ப் பலகையின் எண்ணோ கடைசியாகக் கண்ட ஆற்றின் பெயரோ இருந்தால் அவர்கள் உங்களை விரைவில் கண்டுபிடிப்பார்கள். அலை இல்லாத இடத்தில் ஒருவர் காருடன் நிற்க, மற்றவர் நிறுத்தும் வண்டியில் அடுத்த நிலையம்வரை சென்று அழைப்பதே எங்கள் வழக்கம். காரை ஏற்றும்போது கொக்கியை முன்னால் உள்ள கட்டும் வளையத்தில் மாட்டச் சொல்லுங்கள். சில்லைத் தாங்கும் கைகளிலோ ஓரப்பெட்டியின் விளிம்பிலோ சங்கிலி போட்டு இழுத்தால் சில்லுகளின் நேர்நிலை போய்விடும் என்பதால், ஏற்றி முடியும்வரை பக்கத்தில் நின்று பாருங்கள்.